ஜப்பானியப் பேய்ப்படங்களில் உண்மை தெரிந்த பிறகும் சாபம் ஏன் தீர்வதில்லை?

ரிங்கு, ஜூ-ஆன், கைரோ போன்ற ஜப்பானியப் பேய்ப்படங்களைத் தத்துவமாக அணுகுவது எப்படி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பௌத்தம்தானா, இல்லை உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டை வைத்தே விளக்கிவிடலாமா என்பது கேள்வி. சுருக்கமான பதில், இரண்டுமே பாதி தூரம்தான் கூட வரும். நீளமான பதில் வேண்டுமென்றால் படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் பேச முடியாது, அதனால் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

என் பக்கம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த அலையில் ஒரு பழைய நம்பிக்கை உடைபடுகிறது: உண்மை தெரிந்துவிட்டால் விடுபட்டுவிடலாம் என்ற நம்பிக்கை. ஐரோப்பாவின் அறிவொளிக் காலம் அதை ஒரு விதமாகச் சொன்னது, பௌத்தம் அதற்கு வெகுகாலம் முன்பே வேறு விதமாகச் சொன்னது. இந்தப் படங்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, இரண்டுக்கும் தலையாட்டாமல் போய்விடுகின்றன. நல்ல ஜப்பானியப் பேய்ப்படம் பார்த்து முடித்ததும் வருகிற அந்த வெறுமை கலந்த பயம் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன், வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும் நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

ரிங்குவையே எடுத்துக்கொள்வோம். 1991-இல் கோஜி சுஸுகி எழுதிய நாவல், 1998-இல் ஹிரோஷி டகாஹாஷியின் திரைக்கதையில் ஹிடியோ நகாடா இயக்கிய படம். ஒரு வீடியோ கேசட், பார்த்தவருக்கு ஏழு நாள் கெடு. ரெய்கோ என்ற பத்திரிகையாளர் அதைப் பார்த்துவிடுகிறாள், அவளுடைய முன்னாள் கணவன் ரியூஜியும் பார்க்கிறான், போதாக்குறைக்கு அவர்களுடைய சின்னப் பையனும் பார்த்துத் தொலைக்கிறான். துப்புத் துலக்கிக்கொண்டே போனால் சடாகோ என்ற பெண், அவளைக் கிணற்றில் தள்ளிய அப்பா, மேலே மூடி போட்டு அடைத்த கிணறு, அந்தக் கிணற்றின் மேலேயே கட்டி வாடகைக்கு விடப்படும் ஒரு விடுதி வீடு. ரெய்கோ கிணற்றுக்குள் இறங்குகிறாள். கலங்கிய தண்ணீரில் துழாவும் கையில் நீளமான முடி சிக்குகிறது, பிறகு மண்டையோடு வருகிறது, அதன் கண்குழியிலிருந்து சேறு வழிகிறது. அவள் அருவருக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். கெடு நேரம் கடந்துவிடுகிறது, அவள் சாகவில்லை.

வேறு எந்தப் பேய்க்கதையாக இருந்தாலும் இங்கே முடிந்திருக்கும். கொலை வெளிச்சத்துக்கு வந்தாயிற்று, எலும்பு கிடைத்தாயிற்று, ஒருத்தி அதற்காக அழுதும் ஆயிற்று. ஆனால் அடுத்த நாள் ரியூஜி வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது தொலைக்காட்சி தானாக உயிர்பெறுகிறது, கிணறு தெரிகிறது, மிச்சம் எல்லாருக்கும் தெரியும். (அந்த நடையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அப்புறம் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள், அதனால்தான் மனித உடம்பு செய்யக்கூடிய அசைவாகவும் இருக்கிறது, செய்ய முடியாத அசைவாகவும் இருக்கிறது.) ரெய்கோ பிழைத்தது இரக்கத்தால் இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைக்கிறது. அவள் அந்தக் கேசட்டை நகல் எடுத்து ரியூஜிக்குக் காட்டியிருந்தாள். அவ்வளவுதான் காரணம். இப்போது பையன் பிழைக்க வேண்டுமென்றால் அவனும் யாருக்காவது காட்டியாக வேண்டும். ரெய்கோ தன் அப்பாவுக்குப் போன் செய்து, உங்களிடம் ஓர் உதவி வேண்டும் என்கிறாள். கேசட் பிளேயரைக் காரில் வைத்துக்கொண்டு புறப்படுகிறாள். படம் முடிகிறது.

இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் இருக்கும் தத்துவம், முந்தைய ஒன்றரை மணி நேரத்துப் பயத்தைவிடக் கனமானது. உன் செயலின் விதியை எல்லாரும் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்று யோசி என்பது ஜெர்மன் தத்துவவாதி காண்ட் சொன்ன சோதனை. ரெய்கோவின் விதியை எல்லாரும் கடைப்பிடித்தால்? ஆளாளுக்கு ஒரு நகல், ஒரு புதுப் பார்வையாளர், எல்லாரும் பிழைத்துக்கொண்டே போகலாம், இதுவரை பார்க்காத மனிதர் ஒருவர் உலகத்தில் மிச்சம் இருக்கும் வரை. கெட்ட எண்ணம் ஒருவரிடமும் இல்லை. தாய்ப்பாசம்தான் அந்தச் சாபத்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சுமந்து போகிறது. பாசம் இல்லாதவர்களிடம் சிக்கியிருந்தால் அந்தக் கேசட் அன்றைக்கே செத்திருக்கும்.

இதன் பின்னால் ஒரு நிஜச் சம்பவமும் உண்டு, அது தெரிந்தால் படத்தின் வாதம் இன்னும் கூர்மையாகிறது. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த ஃபுகுராய் டோமோகிச்சி, மிஃபுனே சிஸுகோ என்ற இளம்பெண்ணுக்கு ஞானதிருஷ்டி இருப்பதாக நம்பி, 1910-இல் அறிஞர்கள் முன்னிலையில் சோதனை நடத்தினார். மூடி முத்திரையிட்டதற்குள் எழுதியிருப்பதை அவள் படிக்க வேண்டும். அவள் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் செய்வாள், அதனால் சந்தேகம் கிளம்பியது, பத்திரிகைகள் மோசடி என்று எழுதின, 1911-இல் அவள் விஷம் குடித்து இறந்துபோனாள். மனதில் நினைப்பதைப் புகைப்படத் தகட்டில் பதிய வைக்கலாம் என்றும் ஃபுகுராய் வாதித்தார், அதனால் பல்கலைக்கழக வேலையும் போயிற்று. அவர் சோதித்த இன்னொரு பெண்ணின் பெயர் டகாஹாஷி சடாகோ. படத்தில் சடாகோவின் அம்மா பத்திரிகையாளர்கள் முன்னால் அப்படி ஒரு சோதனையில் நிற்கிறாள், மோசடி என்று கத்துகிறார்கள். ஆக, அந்தச் சாபத்தின் பிறப்பிடம் ஏதோ பழங்காலத்து இருண்ட கிராமம் இல்லை, ஆதாரம் காட்டு என்று கேட்ட ஒரு நவீன அரங்கம். நிரூபிக்கச் சொல்லி அவமானப்படுத்தியவர்களுக்கு, மறுக்கவே முடியாத ஓர் ஆதாரம் வீடியோ கேசட்டாக வந்து சேர்கிறது. பார்த்தால் நம்புவேன் என்றார்கள், பார்த்தவர்கள் சாகிறார்கள்.

இப்போது மேற்கத்தியக் கோட்பாடுகளுக்கு வருவோம். நோயல் கரோல் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1990-இல் திகில் கலையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் கணக்கில் திகிலுக்கு ஓர் அரக்க உரு தேவை. அது ஆபத்தானதாக இருந்தால் மட்டும் போதாது, உயிரா பிணமா, மனிதனா மிருகமா என்று வகைபிரிக்க முடியாதபடி இருந்து நமக்கு அருவருப்பும் ஊட்ட வேண்டும். அருவருப்பானதை ஏன் காசு கொடுத்துப் பார்க்கிறோம் என்றால், கண்டுபிடிக்கும் ஆவலுக்காக: ஏதோ நடக்கிறது, அது என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது, சந்தேகப்படுகிறவர்களுக்கு நிரூபிக்கப்படுகிறது, கடைசியில் எதிர்கொள்ளப்படுகிறது. நல்ல விளக்கம், ஹாலிவுட்டின் பாதிக்கு மேல் இதில் அடங்கிவிடும். ரிங்குவும் முக்கால்வாசி வரை அப்படியேதான் போகிறது. பிறகு அந்தக் கண்டுபிடிப்பையே செல்லாக்காசாக்கிவிடுகிறது. கரோலின் கோட்பாட்டுக்கு எதிரான வாதத்தையே கதையாக எடுத்ததுபோல இருக்கும்.

ஃப்ராய்டு 1919-இல் எழுதிய கட்டுரை இன்னும் நெருக்கமாக வரும். நமக்கு மிகவும் பழகிய ஒன்று, நாம் அமுக்கி மறைத்த ஒன்று, அந்நியமாகி வேறு உருவில் திரும்பி வரும்போது ஏற்படும் கலக்கம்தான் அவர் பேசும் உணர்வு. நகாடாவின் 2002 படமான ‘இருண்ட நீர்’ அப்படியே இதற்குள் உட்காரும்: விவாகரத்து வழக்கில் மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கும் அம்மா, பள்ளியில் தன்னை அழைத்துப்போக யாரும் வராமல் காத்திருந்த அவளுடைய குழந்தைப் பருவம், மேல்வீட்டிலிருந்து கசிகிற தண்ணீர், மொட்டைமாடித் தொட்டிக்குள் விழுந்து யாருக்கும் தெரியாமல் போன இன்னொரு சிறுமி. தண்ணீர், முடி, கசிவு என்று வருவதால் ஜூலியா கிறிஸ்தெவாவையும் இங்கே பலர் கொண்டுவருவார்கள், உடம்பிலிருந்து வெளியேற்றி நாம் விலக்கி வைப்பதன் மீதான அருவருப்பு பற்றி எழுதியவர். வரட்டும், தப்பில்லை.

ஆனால் ஃப்ராய்டின் வாதத்துக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்பது நாம் தாண்டி வந்துவிட்ட பழைய நம்பிக்கை, அது முழுதாகப் போகவில்லை என்று தெரியும்போது திடுக்கிடுகிறோம் என்கிறார். ஜப்பானில் செத்தவர்கள் வருவதற்குத் தேதியே குறித்திருக்கிறது. கோடையில் ஓபோன் நாட்களில் வாசலில் தீ ஏற்றி முன்னோரை வரவேற்கிறார்கள், முடிந்ததும் தீ ஏற்றியே வழியனுப்புகிறார்கள், ஆகஸ்ட் 16 இரவில் கியோட்டோவைச் சுற்றியுள்ள மலைகளில் எரியும் பெரிய தீ எழுத்துகள் அந்த வழியனுப்பல்தான். வீட்டுக்குள் பீடம், அதில் தினமும் சோறும் தண்ணீரும். 33-ஆம் ஆண்டுச் சடங்கு முடிந்ததும் தனி ஆளாக இருந்த இறந்தவர் பொதுவான முன்னோரோடு கலந்துவிடுகிறார் என்பது பல ஊர்களின் வழக்கம். இங்கே இறந்தவர் வருவதில் திகில் இல்லை, வரவேற்க வீடில்லாத இறந்தவர்தான் பயம். பிள்ளை குட்டி இல்லாதவர், வழியில் விழுந்து செத்தவர், கல்லறையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர், இவர்களுக்கென்றே தனிப் பெயரும் தனிக் கவலையும் அங்கே உண்டு. சடாகோ, தண்ணீர்த்தொட்டிக்குள் கிடந்த சிறுமி, ஜூ-ஆனின் பேயான கயாகோ என்று வரிசையாக யோசித்துப் பாருங்கள், எல்லாரும் உறவிலிருந்து கழற்றி எறியப்பட்டவர்கள்.

இதற்கு ஜப்பானியச் சமூகம் கண்டுபிடித்து வைத்திருந்த பழைய வைத்தியமும் உண்டு. சுகவாரா நோ மிச்சிசானே என்ற பெரிய அறிஞர், அமைச்சர், அரண்மனைச் சூழ்ச்சியில் 901-இல் தூரத்து டஸாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு 903-இல் அங்கேயே மனம் நொந்து இறந்தார். பிறகு எதிரிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், 930-இல் அரண்மனை மண்டபத்திலேயே இடி விழுந்து ஆட்கள் சாகிறார்கள். அவர் பழிவாங்குகிறார் என்று முடிவுகட்டி, பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்து, 947-இல் கியோட்டோவின் கிடானோவில் கோயிலும் எழுப்பினார்கள். இன்றைக்கு அவர் கல்விக்கான தெய்வம், தேர்வுக்கு முன்னால் மாணவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கும்பிடுகிறார்கள். அநியாயம் நடந்ததை ஒத்துக்கொள், உரிய இடத்தைக் கொடு, கோபம் காவலாக மாறும். ரெய்கோ கிணற்றுக்குள் செய்தது ஆயிரம் ஆண்டுப் பழைய இந்த வைத்தியத்தைத்தான். அது பலிக்காமல் போவதைப் பார்க்கும்போது ஜப்பானியப் பார்வையாளருக்கு ஏற்படும் அதிர்ச்சி நமக்கு வருவதைவிட ஒரு படி ஆழமாக இருந்திருக்கும்.

முந்தைய பேய்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் அங்கேதான். 1825-இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) அரங்கேறிய யோட்சுயா பேய்க்கதை நாடகத்தில், முகம் சிதைந்து செத்த ஓயிவா என்ற பெண் தன்னை வஞ்சித்த கணவன் இயெமோனைத்தான் துரத்துகிறாள். செய்தவன் அனுபவிக்கிறான், பார்க்கிறவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. டகாஷி ஷிமிஸு 2003-இல் ஜப்பானியத் திரையரங்குக்குக் கொண்டுவந்த ஜூ-ஆனில், சாபம் பிடித்த அந்த வீட்டுக்குள் நுழைகிற ரிகா ஒரு தொண்டூழியப் பெண், கவனிப்பார் இல்லாத ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள வந்தவள். அவள் செய்த பாவம் கதவைத் திறந்தது. கடும் கோபத்தோடு செத்தவரின் சாபம் அந்த இடத்திலேயே தேங்கி நிற்கும், அதைத் தொட்டவர் சாவார், அங்கிருந்து இன்னொரு சாபம் பிறக்கும் என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். வினை இருக்கிறது, விளைவு இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டிய நீதியைக் காணோம்.

சரி, பௌத்தம். ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றுகிறது என்ற பன்னிரு சார்புகளின் சங்கிலி நமக்கு அந்நியமான சரக்கு இல்லை, மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். பேதைமையிலிருந்து செய்கை, செய்கையிலிருந்து உணர்வு என்று போகும். அங்கேயே அடுத்த படியும் சொல்லப்படுகிறது: பேதைமை மீண்டால் செய்கை மீளும், செய்கை மீண்டால் உணர்வு மீளும், இப்படிக் கடைசிவரை அவிழும். பௌத்தத்தின் உயிர்நாடியே இந்தத் திரும்பும் வழிதான். ஜூ-ஆனும் ரிங்குவும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. சாபத்தைச் சார்ந்து சாவு, சாவைச் சார்ந்து சாபம், முன்னோக்கி மட்டும் ஓடும் சங்கிலி. அறியாமை நீங்கினாலும் எதுவும் அவிழ்வதில்லை. நோய் என்னவென்று பௌத்தத்திடமிருந்து எடுத்துக்கொண்டு மருந்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த படங்கள் இவை. அதனால் இவற்றைப் பௌத்தத் திரைப்படங்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

மருந்து இருந்த காலத்துப் படம் எப்படி இருக்கும் என்று பார்க்க மசாகி கோபயாஷியின் ‘கைதான்’ இருக்கிறது. லஃப்காடியோ ஹெர்ன் எழுதிவைத்த கதைகள், 1965-இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. அதில் கண் தெரியாத வீணைக்காரன் ஹோய்ச்சியின் கதை. 1185-ஆம் ஆண்டுக் கடற்போரில் மூழ்கிச் செத்த ஹெய்கே குலத்தார் அவனை இரவில் அழைத்துப்போய்ப் பாடச்சொல்கிறார்கள். அவனைக் காப்பாற்ற மடத்துக் குருக்கள் அவன் உடம்பு முழுக்கப் பிரஜ்ஞாபாரமிதை இதய சூத்திரம் என்ற பௌத்த நூலை எழுதுகிறார்கள், காதுகளில் எழுத மறந்துவிடுகிறார்கள். ஆவிக்கு உடம்பு தெரியவில்லை, இரண்டு காதுகள் மட்டும் அந்தரத்தில் தெரிகின்றன, ஆணையை நிறைவேற்றியதற்கு அடையாளமாக அவற்றைப் பிய்த்துக்கொண்டு போகிறது. உருவமே சூனியம் (அதாவது வெறுமை), சூனியமே உருவம் என்பது அந்தச் சூத்திரத்தின் புகழ்பெற்ற வரி, அதே சூத்திரம் சற்றுத் தள்ளி, சூனியத்தில் கண் இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை என்று பட்டியல் போடுகிறது. காது இல்லை என்று சொல்லும் எழுத்துகள் காதில் மட்டும் இல்லாமல் போய்விட்டன! எழுதிய இடமெல்லாம் சூனியமாகித் தப்பியது, விட்டுப்போன இடம் உருவமாகவே இருந்து மாட்டிக்கொண்டது. தத்துவத்தை இவ்வளவு நேரடியாகத் தோலின் மேல் எழுதிக்காட்டிய படம் எனக்கு வேறு தெரியாது.

இதே சூனியம் 32 ஆண்டுகள் கழித்து எப்படி வருகிறது என்று பாருங்கள். கியோஷி குரோசவாவின் ‘க்யூர்’, 1997. (ஏழு சாமுராய் எடுத்த குரோசவாவுக்கும் இவருக்கும் உறவு இல்லை.) டோக்கியோவில் கொலைகள் நடக்கின்றன, செய்தவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஆசிரியர், காவலர், மருத்துவர், ஆனால் எல்லாப் பிணத்திலும் கழுத்தில் ஒரே மாதிரி குறுக்காக இரண்டு வெட்டு. கொன்றவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை, அந்த நேரத்தில் அது இயல்பாகத் தோன்றியது என்கிறார்கள். எல்லாருமே அதற்கு முன் மாமியா என்ற ஞாபகமில்லாத இளைஞனைச் சந்தித்திருக்கிறார்கள். கடற்கரையில் ஆசிரியரிடம் அவன் கேட்கும் கேள்வி, நீ யார்? பெயரைச் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, நீ யார்? காவல்துறை உயரதிகாரியிடமும் அதே கேள்வி. பதவியைச் சொன்னாலும் அவன் விடுவதில்லை. அவன் கேட்கக் கேட்க, பெயரும் வேலையும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவது எதிரே இருப்பவரின் முகத்தில் தெரியும். முன்பு எனக்குள் இருந்ததெல்லாம் இப்போது வெளியே இருக்கிறது, அதனால் உனக்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது, பதிலுக்கு நான் காலியாகிவிட்டேன் என்கிற மாதிரி ஒரு கட்டத்தில் சொல்கிறான்.

ஜென் பௌத்த மடத்தில் குரு சீடனிடம் கேட்கும் கேள்வியும் இதுதான். 13-ஆம் நூற்றாண்டில் டோகென் என்ற ஜென் குரு, தன்னைக் கற்பது என்றால் தன்னை மறப்பது என்று எழுதினார், அங்கே மறந்த பிறகு உலகம் முழுதும் வந்து நிறைகிறது. நிஷிதானி கெய்ஜி இதை நவீன மொழியில் எழுதியவர், கியோட்டோ சிந்தனைப் பள்ளியைச் சேர்ந்தவர், 1937-இலிருந்து இரண்டு வருடம் ஃப்ரைபர்க்கில் ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரிடம் பாடம் கேட்டவர். அவர் சொல்வது: அன்றாட வாழ்க்கையின் தரை ஒரு நாள் பிளந்து அடியில் ஒன்றுமே இல்லை என்று தெரியும், அந்த வெறுமை நம்மையே கேள்விக்குறியாக்கும், அதற்குப் பயந்து திரும்பி ஓடாமல் அதன் வழியாகவே போனால்தான் அதைவிட ஆழமான சூனியம் திறக்கும், அதில் எல்லாப் பொருளும் அதனதன் தன்மையோடு மீண்டு வரும். இரண்டு படிகள். ‘க்யூர்’ முதல் படியோடு நின்றுவிடுகிறது. தான் என்பது கழன்றதும் கருணை வந்து நிறையவில்லை, கத்திதான் கைக்கு வருகிறது. இது வெறும் கற்பனை விபரீதம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஜென்னை மேற்குக்கு எடுத்துச்சொன்ன டி. டி. சுஸுகி ஜென்னையும் வாள்வீச்சையும் பற்றி எழுதும்போது, உண்மையான வீரனுக்குக் கொல்லும் எண்ணமே இல்லை, எதிரி தானே வந்து பலியாகிறான், வாள் தன் வேலையைத் தானாகச் செய்கிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். போர்க்கால ஜப்பானில் இப்படிப்பட்ட பேச்சுக்கு நல்ல மவுசு இருந்தது. நிஷிதானியே போரை நியாயப்படுத்திய கலந்துரையாடல்களில் கலந்துகொண்டவர், தோல்விக்குப் பிறகு சில காலம் கற்பிக்கத் தடை விதிக்கப்பட்டவர். தான் இல்லை என்ற ஞானம் ஆணைக்குக் கீழ்ப்படியும் வசதியாக மாறக்கூடும் என்பதை அந்த நாடு அனுபவித்துத் தெரிந்துகொண்டிருக்கிறது.

அப்புறம் 1995. மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுவாயுவைப் பரப்பினார்கள், செய்தவர்களில் நன்றாகப் படித்த விஞ்ஞானிகள், ஒரு மருத்துவர் எல்லாம் இருந்தார்கள். அவர்கள் குரு பேசியது பௌத்தச் சொற்களில், கொலைக்கே ஆன்மாவை மேல்நிலைக்கு அனுப்புவது என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுதலை என்ற வார்த்தையே அதற்குப் பிறகு கெட்டுப்போயிற்று. ‘க்யூர்’, ரிங்கு, கைரோ எல்லாம் இதற்குப் பின் ஐந்தாறு வருடத்துக்குள் வந்தவை. அவற்றில் மருந்து ஏன் இல்லை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன், ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்ததை அதற்குப் பிறகுதான்.

கைரோ, 2001, இதுவும் குரோசவாதான், கான் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது. இறந்தவர்களின் உலகம் நிரம்பி வழிந்து ஆவிகள் இணையம் வழியாக நம் பக்கம் கசிகின்றன. படத்தில் ஒரு ஆராய்ச்சி மாணவன் எழுதிய கணினி நிரல் வருகிறது: திரையில் வெள்ளைப் புள்ளிகள் மிதக்கின்றன, இரண்டு புள்ளிகள் மிக அருகில் வந்தால் அழிந்துவிடும், மிக விலகினால் மறுபடி ஈர்க்கப்படும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜப்பானியத் தத்துவவாதி வாட்சுஜி டெட்சுரோ நினைவுக்கு வருவார். 1927-இல் பெர்லினில் ஹைடெக்கரைப் படித்துவிட்டு, இவர் காலத்தை மட்டுமே பேசுகிறார், இடத்தை விட்டுவிட்டார், தனி மனிதனை மட்டும் பார்க்கிறார் என்று குறைப்பட்டவர். மனிதன் என்பவன் ஆட்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் இருக்கிறான், அறமும் அங்கேதான் நிகழ்கிறது என்பது அவருடைய நிலை. கைரோ அந்த இடைவெளி வற்றிப்போன உலகம். ஹருயே என்ற பெண் சாவுக்குப் பயப்படுவதில்லை, செத்த பிறகும் இப்படியே தனியாக இருக்க வேண்டியிருக்குமோ என்றுதான் பயப்படுகிறாள். மனிதர்களும் ஒருவரையொருவர் கொல்வதில்லை, சுவரில் கரிய கறையாகக் கரைந்துபோகிறார்கள்.

இங்கே ஒரு மேற்கத்தியர் உண்மையிலேயே உதவுவார், பிரெஞ்சுத் தத்துவவாதி எம்மானுவேல் லெவினாஸ். 1947-இல் எழுதிய சிறு நூலில், தூக்கம் வராத இரவில், பொருள்கள் எல்லாம் மறைந்த பிறகும் ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிற உணர்வைப் பற்றிப் பேசுகிறார். உண்மையான திகில் சாவின் மீது வருவதில்லை, இருப்பதிலிருந்து தப்ப முடியாது என்பதன் மீதே வருகிறது என்பார், உதாரணத்துக்கு ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் வரும் ஆவியைத்தான் காட்டுவார். கைரோவின் முடிவருகே நாயகன், உன்னை நான் ஏற்கமாட்டேன், நீ மாயை என்று கத்திக்கொண்டு ஓர் ஆவியின் தோளைப் பிடிக்கப் பாய்கிறான். வழக்கமாகக் கை ஊடுருவிப் போக வேண்டும். தோள் கெட்டியாகக் கையில் பிடிபடுகிறது. நான் மாயை இல்லை என்று அது சொல்கிறது. உலகமே மாயை என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிடக் கொடூரமான மறுப்பு கிடையாது.

ஜப்பானியர்களின் மனமே இப்படி, மௌனம், வெற்றிடம், ஜென் என்று மொத்தமாக அளந்துவிடுகிற கட்டுரைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. குரோசவா ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் ஷிகெஹிகோ ஹசுமி என்ற விமர்சகரின் வகுப்புகளில் அமெரிக்கப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். கடன் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனாலும் வித்தியாசம் தெரிகிற இடங்கள் உண்டு. 2002-இல் வந்த அமெரிக்க மறுஆக்கம் ரிங்குவின் அதே முடிவை வைத்துக்கொண்டது, ஆனால் பையன் வாயால், நீ அவளுக்கு உதவியிருக்கக் கூடாது என்று சொல்ல வைத்தது. அந்த ஒரு வசனத்தில் பேய் பிறவியிலேயே தீயதாகி, நாம் கரோலின் அரக்கனிடம் திரும்பிவிடுகிறோம். நகாடாவின் படத்தில் அப்படி யாரும் சொல்வதில்லை, உதவியது சரிதான், அது போதவில்லை, அவ்வளவே.

எங்கே தொடங்குவது என்றால், கைதானின் ஹோய்ச்சி பகுதியையும் ‘க்யூர்’ படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கூடவே நிஷிதானியின் ‘மதமும் ஒன்றுமின்மையும்’ நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் மூன்று அத்தியாயங்கள். ஜூ-ஆனுக்கு முன்னால் வாட்சுஜி இடத்தைப் பற்றிச் சொன்னதை ஒரு முறை புரட்டிக்கொள்ளுங்கள், ஒரு துப்பறிவாளர் அந்த வீட்டுக்குள் வளர்ந்துவிட்ட தன் மகளைப் பார்க்கும் காட்சி அப்போதுதான் பிடிபடும், அந்த நேரத்தில் அவருடைய மகள் இன்னும் சின்னக் குழந்தை. கைரோவுக்குப் படிப்பு எதுவும் வேண்டாம், ஆனால் அதன் அமெரிக்க மறுஆக்கத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள்.